ரீபண்ட் மெயில் வந்திருக்கிறதா? கிளிக் செய்திட வேண்டாம்

வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டு ரீபண்டுக்காகக் காத்திருப்பவர்களைக் குறி வைத்து ஆண்டுதோறும் போலிச் செய்திகள் வருகின்றன. 2023ல் பரவிய ஒன்றைப் பார்ப்போம். "உங்களுக்கு ரூ.15,490 ரீபண்ட் அனுமதிக்கப்பட்டுள்ளது. வங்கிக் கணக்கு எண் தவறாக இருந்தால் கீழே உள்ள லிங்க்கில் திருத்தவும்" என்றது அது. மத்திய அரசின் பி.ஐ.பி. இதனைப் போலி என அறிவித்தது.

இதில் உள்ள தந்திரத்தைக் கவனியுங்கள். செய்தியில் தரப்படும் கணக்கு எண் நம்முடையது அல்ல. "பணம் வேறு யாருக்கோ போய்விடுமே" என்று பதறி, நாமே சரியான எண்ணையும் பாஸ்வேர்டையும் தந்துவிடுவோம். மோசடிக்காரர்களுக்குத் தேவை அந்தப் பதற்றம்தான்.

இது போன்ற செய்திகளைச் சோதிக்க நான் பின்பற்றும் வழிகள் இவை:

1. லிங்க் முகவரியில், தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்வுக்கோட்டை விட்டுவிடுங்கள். அடுத்து வரும் முதல் சாய்வுக்கோட்டிற்கு முன் உள்ளதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். அது "கவ் டாட் இன்" என முடிய வேண்டும். அதற்குப் பின்னும் வேறு பெயரும் "டாட் காம்" என்பதும் தொடர்ந்தால் அது அரசுத் தளம் அல்ல. பூட்டு அடையாளத்தை மட்டும் நம்ப வேண்டாம். போலித் தளத்திலும் அது இருக்கும்.

2. முகவரி சரியாகத் தெரிந்தாலும் லிங்க்கில் கிளிக் செய்திட வேண்டாம். பிரவுசரில் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் என்பதற்கான ஆங்கில முகவரியை நீங்களே டைப் செய்து, லாக் இன் செய்து ரீபண்ட் நிலையைப் பாருங்கள். அந்தத் தளத்தில் நீங்கள் பதிந்து உறுதி செய்த வங்கிக் கணக்கிற்குத்தான் ரீபண்ட் வரும். கணக்கு எண்ணைத் திருத்துவதானாலும் அங்கேதான் திருத்த வேண்டும்.

3. நோட்டீஸ் வந்தால் அதிலுள்ள டி.ஐ.என். என்னும் ஆவண எண்ணைப் பாருங்கள். இம்முறை 2019 அக்டோபர் 1ல் நடைமுறைக்கு வந்தது. மேற்சொன்ன தளத்திலேயே, லாக் இன் செய்யாமல் இந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

4. வங்கி பாஸ்வேர்ட், கார்டின் பின் எண் ஆகியவற்றை வருமான வரித் துறை மெயிலில் கேட்பதில்லை. கேட்டால் அது போலி.

தகவல்களைத் தந்து பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் சொன்னால்தான் அதனை முடக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள்.