தலையில் அடிபட்டவர் மீண்டும் தறிக்குத் திரும்புவது எப்படி?



இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். நெய்த சேலையைக் காஞ்சிபுரத்தில் கொடுத்துவிட்டு, நெடுஞ்சாலை வழியாகத் தாமலுக்கு வண்டியில் திரும்பிய நெசவாளர் கீழே விழுந்துவிட்டார். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ரத்தக்கசிவு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் ஆயிற்று. தறியில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் தலை சுற்றுகிறது. சரிகையின் பளபளப்பு கண்ணைக் கூசுகிறது. இழை எண்ணிக்கை மறந்து போகிறது.

"என்னங்க, ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னுதானே சொன்னாங்க? வாங்கின முன்பணத்துக்கு நாம என்ன பதில் சொல்றது?" என்கிறார் மனைவி.

"சும்மா படுத்துக் கிடக்க எனக்கு மட்டும் ஆசையா?" என்று எரிந்து விழுகிறார் கணவர்.

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. இருவருக்கும் தெரியாத விஷயம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

ஸ்கேனில் ஏன் தெரியவில்லை?

தண்ணீர்ப் பானையை வேகமாக உலுக்கினால் பானை உடையாது. உள்ளே தண்ணீர் கலங்கும். அதுபோல அடியின் வேகத்தில் மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குகிறது. நுண்ணிய நரம்பு இழைகள் இழுபட்டு, மூளையின் வேலை சில காலம் தடுமாறுகிறது. இதுவே மூளை அதிர்ச்சி. சாதாரண ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். இந்தத் தடுமாற்றத்தைக் காட்டாது. தலைவலி, தலைசுற்றல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, மறதி, தூக்கக் கெடுதல், கோபம் எல்லாம் இதனால் வரலாம். இது சோம்பலும் அல்ல, நடிப்பும் அல்ல.

பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் குணமாகிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

2020 டிசம்பர் 4-ஆம் தேதி கான்பெராவில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில், ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. அவர் தொடர்ந்து மட்டை பிடித்து ஆடினார். ஆனாலும் பிறகு அவரைப் பந்து வீச விடவில்லை. மாற்றாளாகச் சஹல் இறங்கினார். மூளை அதிர்ச்சிக்கு மாற்றாள் இறக்கலாம் என்ற விதி 2019 முதல் இருக்கிறது. ஆட்டக்காரருக்கு உள்ள அந்த நியாயம் தறிக்காரருக்கும் உண்டு அல்லவா?

படிப்படியாகத் திரும்புங்கள்

முன்பெல்லாம் இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருக்கச் சொல்வார்கள். அது நல்லதல்ல என்று இப்போது தெரிந்திருக்கிறது. எடுத்த எடுப்பில் முழுநாள் தறியும் கூடாது.

1. முதல் இரண்டு நாள்: ஓய்வு. வீட்டுக்குள் நடமாடலாம். டி.வி., செல்போனைக் குறைக்க வேண்டும்.
2. அடுத்து: தெருவில் மெல்ல நடப்பது, சின்னச் சின்ன வீட்டு வேலை.
3. அது ஒத்துக்கொண்டால்: அரை மணி நேரம் தார் சுற்றுவது போன்ற லேசான வேலை.
4. பிறகு: தறியில் அரை மணி நேரம், இடையிடையே ஓய்வு. முதலில் சாதா உடல் பகுதி. நுணுக்கமான புட்டாவும் சரிகை வேலையும் பிறகு ஆகட்டும்.
5. அதன்பின் அரை நாள், கடைசியில் முழு நாள்.

ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாளாவது இருங்கள். தொந்தரவு லேசாகக் கூடி, சற்று நேரத்தில் அடங்கினால் பயமில்லை. நன்றாகக் கூடினால் நிறுத்தி ஓய்வெடுங்கள். மறுநாள் முந்தைய படியிலிருந்து தொடங்குங்கள். முழுக்கத் தெளியும்வரை வண்டி ஓட்டக்கூடாது. மதுவைத் தொடவே கூடாது. ஆறுமுன் தலையில் இன்னொரு அடி படாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம்.

துணைவர் செய்ய வேண்டியது

கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஒருவர் நாடா வீச, மறுபக்கத்திலிருந்து இன்னொருவர் கரை நாடாவைத் தர வேண்டும். இருவர் கை சேர்ந்தால்தான் கரை உடலோடு பிணையும். நோயிலிருந்து மீள்வதும் அப்படித்தான்.

மனைவியே, அவர் கோபத்தை நோயின் குணமாக எண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் தந்தவரிடம் இருவருமாகப் போய், மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டித் தவணை கேளுங்கள். நெய்பவரைத் தனியே வாதாட விடாதீர்கள்.

கணவரே, அடிபட்டவர் மனைவியானால் இதே படிகள் அவருக்கும் பொருந்தும். தண்ணீர்க் குடமும், அடுப்பும், பிள்ளையும் வேலைதான். "வீட்டிலேதானே இருக்கா" என்று சொல்லாமல் குடத்தை நீங்கள் தூக்குங்கள்.

நான்கு வாரத்துக்கு மேலும் தொந்தரவு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லுங்கள். கழுத்துவலி, தலைசுற்றல், தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகிய ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை உண்டு.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

தலைவலி கூடிக்கொண்டே போதல், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், கண்மணிகள் ஒன்றுக்கொன்று அளவு மாறுதல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல், எழுப்பினால் எழாத மயக்கம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், லேசான அடியானாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாலை விபத்தானால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காகத் தமிழக அரசு 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தைக் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

வண்டியில் இருவர் போனால் இருவர் தலையிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் இருக்கட்டும். பின்னால் உட்காருபவருக்கும் அது சட்டம்.

அறுந்த இழையை அவசரப்பட்டு இழுத்தால் இன்னும் நாலு இழை அறும். நிதானமாக எடுத்து முடிந்தால் சேலை முழுசாகும். உங்களுக்குத் தெரியாததா?