எந்த நிறுவனத்தை நம்புவது?

எடமலைப்பட்டி புதூர் இல்லங்களிலும் இன்று கைப்பேசி இல்லாத கை அரிது. நம் விவரங்களை எந்த நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம் என அறிய, அது எதனால் பொருளீட்டுகிறது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

கூகுளுக்கும் முகநூலுக்கும் விளம்பரமே முதன்மை வருவாய். ஆப்பிளுக்குக் கருவி விற்பனை. இதனால் ஆப்பிள் அறச்செல்வர் கூட்டம் ஆகிவிடாது; நம் விருப்பங்களைத் துருவியறியும் தேவை அதற்குச் சற்றுக் குறைவு, அவ்வளவே.

2014இல் வாட்ஸ்அப்பை முகநூல் நிறுவனம் வாங்கியது. பயனர் விவரங்களைத் தாய் நிறுவனத்துடன் பகிர இசைந்தாலன்றித் தொடர இயலாது என 2021 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. இதன்பொருட்டு இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா என இப்போது வழங்கும் அத்தாய் நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2025இல் அத்தொகையை உறுதி செய்தது.

"செய்திகள் மறைகுறியில்தானே செல்கின்றன?" என்று வினவலாம். உண்மையே. ஆயினும் கடிதத்தைப் பிரிக்காமலே, உறையைக் கொண்டு யார் யாருக்கு எழுதுகிறார் என்பதை அஞ்சற்காரர் அறிவாரன்றோ? அந்த உறைக்கு ஒப்பான விவரங்களே இங்கு விலைமதிப்புடையவை.

தொடர்புப் பட்டியலைக் கேட்கும் செயலிக்கு இசையுமுன் எண்ணுங்கள்: உறவினரின் எண்களை அவரைக் கேளாமலே கொடுக்கிறோம். ஒருமுறை மறுத்துப் பாருங்கள். பல செயலிகள் அதன் பின்னும் இயங்கும்.