பல்லேகமவுக்குப் போன பாமினிக் கோப்பு

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மூடுபனிக்குள் ஏறி, இலுக்கும்புரப் பக்கம் இறங்கினால் பல்லேகம வரும். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய ஊரைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, 2019 ஜனவரியில் லக்கல-பல்லேகம புதுநகரத்தைத் திறந்தார்கள். கட்டடம் புதிது, தெரு அகலம். பிழைப்பு மட்டும் பழசுதான்: நெல், மிளகு, வாய்த்தால் ஓர் அரசாங்க உத்தியோகம். கண் தெரியாத ஓர் இளைஞர் இதில் எதைச் செய்வார் என்று ஊர் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர் வீட்டுக்குள் இருந்தார்.

வீட்டுக்குள் இருந்தாலும் சும்மா இருக்கவில்லை. தாய் ரத்தோட்டைத் தோட்டமொன்றில் பிறந்தவர், தகப்பன் உள்ளூர்ச் சிங்களவர்; அதனால் இரண்டு மொழியும் அவருக்கு வீட்டு மொழி. பார்வையற்றோர் பாடசாலையில் தட்டச்சு பழகியிருந்தார். கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இருந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. அவரும் நண்பர் ஜேம்ஸ் டேயும் சேர்ந்து உலகம் முழுக்க இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். தமிழும் படிக்கும், சிங்களமும் படிக்கும்.

இதை எழுதுகிறவனுக்கு மாத்தளை நகரில் தட்டச்சுக் கடை. கலியாண அழைப்பிதழ், காணி உறுதி என்று தொடங்கிய தொழில், இப்போது கொழும்பு அலுவலகங்களின் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குவது, படிவங்களைக் கணினியில் ஏற்றுவது என்று நடக்கிறது. வீட்டிலிருந்தே செய்ய ஆள் தேடியபோது சேர்ந்தவர்களில் ஒருவர்தான் அந்தப் பல்லேகம இளைஞர். ரத்தோட்டையில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு தங்கச்சியும் உக்குவளையில் காது கேளாத ஒரு தம்பியும் கூடவே வந்தார்கள். “பாவம் பார்த்தா சேர்த்தீங்க?” என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். கூட்டத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் எந்தக் குரல் யாருடையது என்று பிரித்து, தமிழில் சொன்னதைத் தமிழிலும் சிங்களத்தில் சொன்னதைச் சிங்களத்திலும் அடித்துக் கொடுப்பவரை, கண் தெரிந்தவர்களில் இந்தக் கடைக்கு இதுவரை யாரும் பிடித்துத் தரவில்லை.

ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, ஈபிஎஃப் இலக்கம், மடிக்கணினி, டொங்கிள் இவற்றைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. எல்லாருக்கும் செய்கிற வேலைதான், இரண்டு நாளில் முடிகிறது. கோபம் வேறு இடத்தில்.

கொழும்பில் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம். பயனாளிப் பட்டியல்களை எக்செல்லில் ஏற்றும் பெரிய வேலை அவர்களிடம் இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுப்பதை ஆண்டறிக்கையில் போட அவர்களுக்கு ஆசை. வேலை கிடைப்பதில் இந்தக் கடைக்கு ஆசை. முதலில் ஒரு சோதனை என்றார்கள். கோப்பு மின்னஞ்சலில் பல்லேகமவுக்கே நேராகப் போனது. நேரக் கணக்கும் கூடவே ஓடத் தொடங்கியது. சிறிது நேரத்தில் தொலைபேசி வந்தது. “அண்ணா, பைல் தொறக்குது. ஆனா ஒண்ணும் வெளங்கல. தமிழே இல்ல, இங்கிலீசு எழுத்தா ஒண்ணொண்ணா சொல்லுது.”

பாமினி! இலங்கைத் தமிழ் அலுவலகங்களைப் பிடித்து இன்னும் விடாத அந்தப் பழைய எழுத்துரு. கண்ணால் பார்க்கிறவருக்கு அது அழகான தமிழ். கணினிக்கு அது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துக்களுக்கு மேல் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்த ஒப்பனை. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் பார்ப்பது ஒப்பனையை அல்ல, உள்ளே இருப்பதை. ஆகவே பட்டியலில் இருந்த அத்தனை அம்மாக்களும் ஐயாக்களும் அந்த இளைஞரின் காதில் ஆங்கில நெடுங்கணக்காக விழுந்தார்கள். கோப்பின் மறுபாதி அதைவிட மோசம். கையால் நிரப்பிய படிவங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியிருந்தார்கள். அது வெறும் படம். திரைவாசிப்பானுக்குப் படம் என்றால் வெற்றுத்தாள்.

மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பாமினியை, கணினிக்கும் தமிழாகவே விளங்கும் யூனிகோடாக்க நல்ல கருவிகள் உண்டு. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியைப் பயன்படுத்தாத இலங்கைத் தட்டச்சர் அரிது. ஆனால் அது பாமினி எது, உண்மையான ஆங்கிலம் எது என்று பிரித்தறியாது. கொடுத்ததெல்லாம் தமிழாகும். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது எண்ணுக்குப் பிறகு ‘வி’ என்று ஓர் ஆங்கில எழுத்து நிற்கும், தெரியும்தானே? பாமினியில் அந்த விசைக்கு உரிய எழுத்து ‘ஏ’. பட்டியலை ஒரே இழுப்பில் மாற்றினால் ஆயிரம் பேரின் அடையாள அட்டையும் ‘ஏ’யில் முடியும். ஆகவே நிரல் நிரலாகப் பிரித்து, பெயரை மட்டும் மாற்றி, எண்ணை அப்படியே விட்டு, மறுபடி ஒட்ட வேண்டும். கடையில் அதைச் செய்தோம். செய்து முடிக்கும்போது அவர்கள் கொடுத்த நேரம் முடிந்திருந்தது. வந்த பதில் ஒரே வரி: வேகம் போதாது.

அத்தோடு மற்றவர்களுக்கு வரவிருந்த வேலையும் போனது. தட்டச்சில் எந்தக் குறையுமில்லாத ரத்தோட்டைத் தங்கச்சிக்கும் சேர்த்துத்தான் அந்த ஒரு வரி. அதே பட்டியல் பிறகு கொழும்பிலேயே வேறோர் இடத்துக்கு, கூடிய விலைக்குப் போனதாகவும், ‘ஏ’யோடு திரும்பி வந்ததாகவும் கேள்வி. கேட்டுச் சிரித்தோம் என்பதை மறைப்பானேன்?

இதற்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. யூனிகோட்டின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே அதில் தமிழ் இருந்தது. கணினித் தமிழுக்கான இலங்கைத் தரம் எஸ்எல்எஸ் 1326, 2008இல் வந்தது. தமிழ்நாட்டு அரசு 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, அலுவலகங்களுக்கு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இத்தனைக்கும் பிறகு கொழும்புக் குளிரூட்டிய அறையில் இருப்பவர்கள் பாமினியில் பட்டியல் அடித்துவிட்டு, பல்லேகமவில் இருப்பவரை வேகமில்லை என்கிறார்கள்.

வேறொரு நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. வேலை வீட்டிலிருந்து, நேர்காணல் மட்டும் கொழும்பில், மூன்றாம் மாடியில், மின்தூக்கி பழுது. ரத்தோட்டைத் தங்கச்சியை அண்ணன்மார் இருவர் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். கேட்ட கேள்விகள் ஐந்தும் தொலைபேசியில் கேட்கக்கூடியவை. இந்த நாட்டில் படிக்கட்டுக்கு எதிராகத் தனி மனிதராக வழக்காடிய ஒருவர் இருந்தார்: கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா. இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் கார் மீது மரம் விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். பொதுக் கட்டடங்களை எல்லாரும் அணுகும்படி கட்ட வேண்டும் என்ற விதிகள் 2006இல் வந்தன. யாரும் பொருட்படுத்தாததால் அவர் உயர் நீதிமன்றம் போனார், 2011 ஏப்ரலில் சாதகமான கட்டளை பெற்றார். மூன்றாம் மாடிக்காரர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

சட்டம் இல்லாமல் இல்லை. அரச துறை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொன்ன பொது நிர்வாகச் சுற்றறிக்கை 1988இல் வந்தது. அவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதத்தினர், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதாவதொரு குறைபாட்டோடு வாழ்வதாகப் பதிவானார்கள். தனியார் துறையில் முன்னே வந்தது முதலாளிமார் சம்மேளனம். தோட்டச் சம்பளப் பேச்சுவார்த்தையில் மட்டுமே நம் ஆட்கள் கேள்விப்பட்ட அதே சம்மேளனம்தான். சண்டைக்காரர் நல்லது செய்தாலும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகளை வேலைக்கமர்த்தவென்று முதலாளிகளின் வலையமைப்பு ஒன்றை உருவாக்கி, பார்வையற்றோருக்குக் கணினிப் பயிற்சியும் கொடுத்தது. அந்தப் பயிற்சி நிலையத்தை நடத்திவந்த மனிக் குணரத்ன பார்வையிழந்தவர்.

தூரம் ஒரு காரணமே இல்லை என்பதற்கு அநுராதபுர மாவட்டத்து மகாவிலச்சியவைப் பார்க்கலாம். காட்டோரக் கிராமம். நந்த வன்னிநாயக்க என்ற ஆசிரியர் அங்கே பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணினியும் கற்றுக்கொடுத்தார். 2007 வாக்கில் அதே ஊரில், படித்த இளைஞர்களை வைத்துக் கொழும்புக் கம்பனிகளின் கணக்குப் பதிவுகளைச் செய்யும் நிலையம் திறந்தது. அது காலூன்றியதற்கு முக்கியக் காரணம், ஜோன் கீல்ஸ் போன்ற பெரிய நிறுவனம் அதன் கையில் உண்மையான வேலையைக் கொடுத்ததுதான். பெங்களூரில் பவித்ரா 2006இல் தொடங்கிய விந்தியா நிறுவனமும் அப்படித்தான். ஊழியர்களில் பெரும்பான்மையோர் மாற்றுத்திறனாளிகள், வாடிக்கையாளர்கள் வங்கிகளும் தொலைபேசிக் கம்பனிகளும். டோக்கியோவின் நிஹொன்பாஷியில் 2021 ஜூனில் திறந்த ‘டோன்’ தேநீர்க் கடையில் பரிமாறுவது ரோபோக்கள். அவற்றை இயக்குபவர்கள் வீட்டில், சிலர் படுக்கையில் இருந்தபடியே, விருந்தினரோடு பேசிக்கொண்டு சம்பளம் வாங்குகிறார்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப்படி வேலையில் இருந்த மாற்றுத்திறனாளிகளின் பங்கு 2020இல் 17.9 சதவீதம், வீட்டிலிருந்து வேலை பரவிய பிறகு, 2023இல் 22.5 சதவீதம்.

சம்பளத்தைப் பற்றி இந்தக் கடைக்கு ஒரு பிடிவாதம் உண்டு: மாதச் சம்பளம். பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடு, மிச்சமாகும் என்று கணக்காளர் சொன்னார். பக்கக் கூலி என்றால் பாமினிக் கோப்பைப் பிரித்தெடுக்கும் நேரம் தொழிலாளியின் தலையில் விழும். கோப்பைக் கெடுத்தவர் கொழும்பில் இருப்பார். தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. ஈபிஎஃப்புக்கு முதலாளி 12, தொழிலாளி 8, ஈடிஎஃப்புக்கு முதலாளி 3 சதவீதம். வீட்டில் இருப்பவருக்கு எதற்கு என்று கேட்கிற முதலாளிகள் உண்டு. ஓய்வுக்காலம் வீட்டில் இருப்பவருக்கும் வரும்.

குடும்பத்தோடும் பேச வேண்டியிருந்தது. குறைந்த வருமானக் குடும்பங்களின் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகை 2025 ஏப்ரல் முதல் மாதம் 10,000 ரூபா. வேலை என்று எழுதினால் அது நின்றுவிடும், வேலை பிறகு போனால் இரண்டும் இல்லை என்று பல்லேகம அம்மா பயந்தார். நியாயமான பயம். அந்தக் கொழும்பு ஒற்றை வரியைக் கண்ட பிறகு யார் பயப்படமாட்டார்கள்? எழுத்தில் நியமனக் கடிதம் கொடுத்த பிறகே சம்மதித்தார்.

மின்சாரத்தைக் காட்டித் தட்டிக்கழிப்பவர்களும் இருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மாத்தளைப் பாதைகள் பல மண்சரிவில் அடைபட்டபோது, பல்லேகமத் தம்பியோடு தொடர்பே இல்லை. உண்மை. மாத்தளைக் கடையும் இருட்டில்தான் கிடந்தது. இருட்டில் கிடந்த கடைக்காரனை எவரும் வேகமில்லை என்று சொல்லவில்லை.

மேடை போட்டு மடிக்கணினி கொடுக்கும் விழாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதாகை, மாலை, படம். கொடுத்த கணினியில் திரைவாசிப்பான் இல்லை, கொடுத்தவர்களிடம் வேலையும் இல்லை. அப்படி வந்த ஒரு கணினியில் ஒருவர் வீட்டுப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

காது கேளாத உக்குவளைத் தம்பிக்காகக் கடை செய்தது ஒன்றே ஒன்று: சூம் கூட்டங்களை நிறுத்தி, எல்லா உத்தரவுகளையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பத் தொடங்கியது. அதனால் காது கேட்பவர்களும் பிழைவிடுவது குறைந்தது, “நீங்க அப்படிச் சொல்லலையே” என்ற வழக்கும் ஒழிந்தது.

இதைப் போலத் தட்டச்சுக் கடை நடத்தும் உங்களுக்கும் வேலை கொழும்பிலிருந்துதான் வரும், உங்களிடமும் நாலு கணினியும் ஒரு பழைய அச்சு இயந்திரமும்தான் இருக்கும். ஆகவே சோதனைக் கோப்பு அனுப்பும் முன் என்விடிஏயை உங்கள் கணினியில் இறக்கி, திரையை அணைத்துவிட்டு, அந்தக் கோப்பைக் காதால் கேட்டுப் பாருங்கள். காசு செலவில்லை. விளங்கினால் அனுப்புங்கள். ஆள் தேட விளம்பரம் தேவையில்லை. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார், பட்டியல் அவரிடம் உண்டு, லக்கல-பல்லேகமவிலும் உண்டு. பல்லேகமத் தம்பிக்கு இப்போது மாலை நேரம் கொஞ்சம் ஓய்வாக இருக்கிறது. தமிழிலோ சிங்களத்திலோ ஒலிப்பதிவு இருந்தால் மாத்தளைக்கு அனுப்புங்கள். பாமினியில் மட்டும் எதையும் அனுப்ப வேண்டாம்.