வட்டி வரும்வரை ஐயம் வாராமை

சென்ற மாதம் நம் ஞாயிறு வகுப்பிற்கு வந்த அன்பர் ஒருவர், ஆலைப்பணி முடிந்து பெற்ற பணிக்கொடையை ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் இடலாமா என வினவினார். "நூற்றுக்கு 12 வட்டி. என் மைத்துனர் ஆறாண்டாகத் தவறாமல் வாங்குகிறார்" என்பதே அவர் காட்டிய சான்று. அச்சான்று எத்துணை வலியுடையது என இங்கு ஆராய்வோம்.

பணமிழந்தோரைப் பேராசைக்காரர் என உலகம் எளிதில் ஏசிவிடும். 2008-ல் நம் திருவனந்தபுரத்திலேயே வீழ்ந்த டோட்டல் ஃபார் யூ என்னும் நிறுவனத்திற்கு அவ்வேச்சு ஓரளவு பொருந்தும். அதை நடத்தியவன் இருபது வயது நிரம்பாத இளைஞன். ஆயினும் படித்தவரும் செல்வரும் அவனிடம் பணத்தைக் கொட்டினர். ஆனால் 2020-ல் வீழ்ந்த பாப்புலர் ஃபைனான்ஸ் வேறு வகையினது. பத்தனம்திட்டா மாவட்டத்து வகயாரில் தலைமையிடம், 200-க்கு மேற்பட்ட கிளைகள், பல்லாண்டு நடந்த நகைக்கடன் தொழில். வட்டியும் மலைக்கத்தக்கதன்று. அங்கே கண்ணை மறைத்தது பழக்கமே என்போம்.

அந்நிறுவனத்தை நம்பிப் பணமிட்ட பலருக்குக் கிடைத்த பத்திரத்தில் பாப்புலர் டிரேடர்ஸ், பாப்புலர் டீலர்ஸ் எனப் பிற கூட்டு நிறுவனங்களின் பெயர்களே இருந்தன. டிபாசிட் இட்டதாக எண்ணியவர், காகிதத்தின்படி வேறொரு தொழிலின் பங்காளி. எச்சரிக்கை எங்கும் ஒளிந்திருக்கவில்லை. அவரவர் வீட்டுப் பெட்டியிலேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது. பின் ஏன் எவரும் படிக்கவில்லை? மாதந்தோறும் வட்டி வந்ததாலன்றோ! வட்டியை நாம் நிறுவனத்தின் ஈட்டம் எனக் கொள்கிறோம். உள்ளே அழுகிய நிறுவனத்திலோ அது நேற்று வந்தவர் இட்ட முதல். புதியவர் வருமளவும் அது சுணங்காது. ஆதலின் ஒழுங்காக வந்த வட்டியைக்கொண்டு நிறுவனத்தின் உடல்நிலையை அறிய இயலாது. மைத்துனரின் ஆறாண்டுச் சான்று இவ்வளவே.

நாமும் இதற்குத் தப்பியவரல்லோம். ஆலையில் நூல் நூற்ற காலத்தில், ஊரார் 'பிளேடு கம்பெனி' என அழைத்த வகையைச் சேர்ந்த ஒன்றில் இரண்டாண்டுச் சேமிப்பை இட்டோம். ஒரு மாதம் வட்டி நான்கு நாள் பிந்தியது. கணக்கர் மாறினார். முன்பு தேடி வந்த முகவர் எதிர்த்தெரு வழியே போகலானார். மூன்றையும் கண்டோம், ஒன்றையும் கேட்கவில்லை. முகவர் நம்முடன் அதே தறிக்கூடத்தில் உழைத்தவர், நம் இல்லத் திருமணத்தில் பந்தி பரிமாறியவர். பத்திரத்தைப் பற்றிக் கேட்பது அவரையே ஐயுற்றதாகுமே என்ற கூச்சம் நாவைக் கட்டியது. பணம் போயிற்று. முகவரும் தம் பணத்தை இழந்தவரே என்பது பின்னர்த்தான் தெரிந்தது.

இன்னுமொரு காரணம் உண்டு. 1927-ல் தோன்றிய பாலாய் சென்ட்ரல் பாங்கு கேரளத்தின் பெரிய பாங்காக வளர்ந்திருந்தது. 1960 ஆகஸ்டு 8-ஆம் நாள் அதைக் கலைக்குமாறு ரிசர்வ் பாங்கு கேரள உயர்நீதிமன்றத்தை அணுகியது. அதன் கடன்களிலிருந்த குறைகள் ரிசர்வ் பாங்கின் ஆய்வாளர்க்குப் பல்லாண்டு முன்னரே தெரியும். பணமிட்டோர்க்கு அவ்வறிக்கைகள் எட்டா. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தேறியிருந்தனர். இத்தகைய இடங்களில் ஐயுற்று விலகுவோன் ஓசையின்றி விலகுவான். அலறினால் தன் பணமும் அகப்படுமே. எனவே எஞ்சியோர் கண்ணுக்கு அமைதியே தென்படும். பலர் இருக்கின்றனர் என்பதற்கும், பலர் ஆராய்ந்து இருக்கின்றனர் என்பதற்கும் உள்ள வேறுபாடு அப்போது புலப்படாது.

அவ்வீழ்ச்சிக்குப் பின்னரே 1962 ஜனவரி முதல் பாங்கு டிபாசிட்டுகளுக்குக் காப்பீடு வந்தது. 2020 முதல் அதன் வரம்பு ஒருவர்க்கு ஒரு பாங்கில் 5 லட்சம் ரூபாய். தனியார் நிதி நிறுவனங்களுக்கு இக்காப்பீடு இல்லை. அன்பர் இதனை அறிந்திருக்கவில்லை.

மைத்துனரின் பத்திரத்தை வாங்கி வருக, யார் பெயரில் உள்ளதெனச் சேர்ந்து படிப்போம் என்றோம். ஒப்பிச் சென்றார். இரண்டு ஞாயிறு கழிந்தன. கேட்டால் மைத்துனர் மனம் நோவாரே எனத் தயங்குகிறாராம்.