விட்டுப்போன பாடமா? அக்கா சொல்றேன், கேளு!

பத்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஐந்து வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்பிப் போன அன்றே தோழியின் நோட்டுகளை வாங்கி வந்தேன். தலைப்புக்குப் பச்சை மை, பதிலுக்கு நீல மை என்று ராத்திரி பதினொரு மணி வரை பார்த்துப் பார்த்து எழுதினேன். பதினைந்து நாள் இதே வேலை. நோட்டு நிறைந்தது, காலாண்டுத் தேர்வில் கணக்கில் 22 வாங்கினேன். கைதான் எழுதியது, மண்டையில் ஏறவில்லை. அந்தப் பதினைந்து நாளில் வகுப்பில் நடந்த புதுப் பாடமும் கைவிட்டுப் போனது.

அதனால் முதல் விஷயம், நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு உட்காராதே. ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள். கையால்தான் எழுத வேண்டும் என்று டீச்சர் சொன்னால், வாரத்துக்கு ஒரு பாடமாக முடித்துத் தருகிறேன் என்று தவணை கேள்.

இன்று நடத்திய பாடத்தை இன்று ராத்திரியே முடித்துவிடு. அதற்குப் பிறகுதான் பழைய பாக்கி. அதற்கு நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். பழைய கடனை அடைக்கிறேன் என்று புதுக் கடன் வாங்காதே.

பாக்கியிலும் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்துப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் கடைசி இரண்டு கேள்விகளும் எட்டெட்டு மதிப்பெண். ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். மொத்தம் 16. பாஸ் மார்க் 35 என்றால், அதில் ஏறக்குறைய பாதி இங்கேயே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் முந்தைய பாடங்கள் அத்தனையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உதாரணத்துக்கு, வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதைப் பார். காம்பஸும் அளவுகோலும் எடு. 3 செ.மீ ஆரத்தில் வட்டம் போடு. மையத்திலிருந்து 5 செ.மீ தள்ளி ஒரு புள்ளி வை. மையத்தையும் புள்ளியையும் சேர்த்து, அந்தக் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு வரை. இரண்டும் வெட்டும் இடத்தில் காம்பஸ் முள்ளை ஊன்றி, வட்ட மையத்தைத் தொட்டுக்கொண்டு போகும்படி இன்னொரு வட்டம். இரண்டு வட்டமும் வெட்டும் இடங்களை வெளிப்புள்ளியோடு சேர்த்தால் தொடுகோடுகள் வந்துவிடும். அளந்து பார், சரியாக 4 செ.மீ இருக்கும். பிதாகரஸ் தேற்றமும் அதையே சொல்லும். நாலு நாள் தொடர்ந்து வரைந்தேன், ஐந்தாம் நாள் புத்தகத்தைத் திறக்காமலே வந்தது. எனக்குத் தைரியம் திரும்பியது அந்த 4 செ.மீ கோட்டில்தான்.

இன்னொன்று. முக்கோணவியலில் ஏற்றக் கோணக் கணக்கு வரவே மாட்டேன் என்கிறதா? ஓட்டை அங்கே இல்லாமலும் இருக்கலாம். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து சைன், காஸ், டேன் பாடத்தை ஒரு சாயங்காலம் திரும்பப் பார். பழைய வகுப்புப் புத்தகத்தைத் திறப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. நீ வராத நாளில் செய்த சோதனைகளை ரெக்கார்டு நோட்டில் படம் போட்டு எழுதினால் மட்டும் போதாது. ஆய்வகத்தில் ஒருமுறையாவது உன் கையால் செய்து பார்த்துவிடு. சமூக அறிவியலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், பாடத்துக்குப் பாடம் தனித்தனியாகப் படிக்க முடியும்.

டீச்சரிடம் போய் “மிஸ், ஒண்ணுமே புரியல” என்று நிற்காதே. அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. “மிஸ், இந்த எடுத்துக்காட்டுல மூணாவது வரி எப்படி வந்துச்சு?” என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டு. எனக்கு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றபடியே இரண்டு நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். தினமும் ஒரு சந்தேகம் போதும். டீச்சர் இல்லாத நேரத்தில் பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை அம்மா போனில் ஸ்கேன் செய், அந்தப் பாடத்தின் வீடியோ கிடைக்கும். பார்த்து முடித்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிடு.

தூக்கத்தைக் குறைக்காதே, முக்கியமாக நோயிலிருந்து எழுந்து வந்திருந்தால். நான் கண்விழித்து எழுதிய நாட்களில் மறுநாள் முதல் பீரியடிலேயே தூங்கி வழிந்தேன்.

வீட்டில் மறைக்கவும் வேண்டாம். எந்தெந்தப் பாடம் பாக்கி என்று ஒரு தாளில் எழுதி, இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அம்மா அப்பாவிடம் காட்டு. திட்டு விழுந்தால் விழட்டும். நாளைக் காலை பிரேயருக்குப் பத்து நிமிஷம் முன்னால், அதே தாளோடு கணக்கு டீச்சரைப் போய்ப் பார், கண்ணு.