கிளியும் ஒரு சான்றுதான்

கேள்வி: எனக்கு வரலாறு என்றால் உயிர். ஆனால் ஆய்வு செய்யப் படிப்பும் இல்லை, ஊர் ஊராகச் சுற்ற நேரமும் இல்லை. இந்த ஆர்வம் வெறும் பொழுதுபோக்குதானா?
– வாசகி, ராஜபாளையம்

பதில்: நிச்சயமாக இல்லை. அன்றாடம் நடப்பதைக் கவனிக்க, அருகிலேயே வாழ்பவரை விடத் தகுந்தவர் யார்? பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாள் சிலையின் கையிலுள்ள கிளியைப் பாருங்கள். தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் மூக்கு. ஒரே நாளில் வாடிவிடும் அதை எந்த அருங்காட்சியகமும் காக்க முடியாது. ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் கற்றுத்தான் அந்தக் கலை பிழைத்திருக்கிறது. இலை எங்கிருந்து வருகிறது, முடிச்சு எப்படி விழுகிறது என்று விசாரித்து நோட்டில் எழுதி வைத்தால், அதுவே முதல்நிலைச் சான்று.

“இதெல்லாம் பக்தி, வரலாறு ஆகுமா?” என்பார்கள். செவிவழிச் செய்தியை அப்படியே நம்பினால் ஆகாதுதான். அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனால் ஒத்துப்பார்க்கும் பழக்கத்தை உங்கள் ஊரிலேயே தொடங்கலாம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா, தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அவரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதை அன்றைய பத்திரிகைகளோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் ருசியே இருக்கிறது. உணவுக்கும் இதே வழிதான்: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த முறை வாங்கப் போகும்போது, அதைக் கிண்டுபவர் யாரிடம் தொழில் கற்றார் என்று கேட்டு, தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.