தலைவருக்குத் துணை யார்?
சனாதிபதித் தேர்தல் பற்றியதோர் ஆராய்ச்சி

குடியாட்சி நிகழும் நாடுகளிலே மக்கள் தம் தலைவரைத் தாமே தெரிந்தெடுக்கின்றனர். அத்தலைவர் யாவர் என்பது பற்றித் தேநீர்க் கடையிலும், லயத்து வாசலிலும், புகைவண்டியிலும் மாதக் கணக்காக வாதம் நிகழ்கின்றது. ஆயின், அவருக்கு அடுத்தவர் யாவர், அவர் இடையிலே மறைந்தாலோ பதவி துறந்தாலோ ஆட்சி எவர் கைக்குச் செல்லும் என வினவுவோர் மிகச் சிலரே.

எம் கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, இப்பொருளையே நாம் எடுத்துக்கொண்டோம். குடியியல் பயிலும் இளைய மாணவருக்கு இது ஒரு பாடமாகவும், பல தேர்தல்களிலே வாக்களித்த பழைய மாணவருக்கு ஒரு நினைவூட்டலாகவும் அமைதல் கூடும். நாம் இதனை எழுதுவது நோர்வூட்டிலிருந்து. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இச்சிற்றூருக்கும் இப்பொருளுக்கும் உள்ள தொடர்பு கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

1. துணை வேட்பாளர் என்பார் யார்?

சனாதிபதி வேட்பாளரொருவர், தம்மோடு உப சனாதிபதிப் பதவிக்குப் போட்டியிடுமாறு தெரிந்துகொள்பவரே துணை வேட்பாளர் ஆவார். இவ்வழக்கம் சிறப்பாக உரியது அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு. ஆனால் அந்நாட்டிலும் அது தொடக்கத்திலேயே இருந்ததன்று. முதல் அரசியலமைப்பின்படி, தேர்வாளர் ஒவ்வொருவரும் இருவருக்கு வாக்களித்தனர். போதிய பெரும்பான்மையோடு முதலிடம் பெற்றவர் சனாதிபதியும், அடுத்த இடம் பெற்றவர் உப சனாதிபதியும் ஆயினர். இதனால் 1796 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜோன் அடம்ஸ் சனாதிபதியாகவும், அவருக்கு எதிர்க்கட்சியினரான தொமஸ் ஜெபர்சன் உப சனாதிபதியாகவும் வர நேர்ந்தது. 1800 ஆம் ஆண்டுத் தேர்தலிலோ ஜெபர்சனும், அவரது கட்சியினரான ஏரன் பரும் தலைக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமநிலை எய்தினர். பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பின்னரே ஜெபர்சன் தெரிவானார். இக்குழப்பம் மீண்டும் நேராவண்ணம், 1804 இல் பன்னிரண்டாம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் இரு பதவிகளுக்கும் வெவ்வேறாக வாக்களிக்கப்பட்டது. கட்சிகளும் இருவரை இணையாக நிறுத்தலாயின.

இணையாக நிறுத்தும்போது கட்சிகள் வகுத்துக்கொண்ட விதி யாது? தலைவரிடத்து இல்லாததைத் துணைவரிடத்து நாடுவதே அது. தலைவர் வடக்கினராயின் துணைவர் தெற்கினர். தலைவர் இளையவராயின் துணைவர் அனுபவம் மிக்கவர். ஒரு தராசின் இரு தட்டும் ஒத்து நிற்றல் போல்வது இது. வாக்குச் சேர்ப்பதற்கு இது நல்ல உபாயமே. ஆட்சி செய்வதற்கும் இது போதுமா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா. அந்நாட்டில் இதுவரை சனாதிபதியாயிருந்த 45 பேருள் ஒன்பதின்மர், முன்னிருந்தவர் இறந்தமையாலோ பதவி துறந்தமையாலோ, உப சனாதிபதிப் பதவியிலிருந்து உயர்ந்தவராவர். ஐந்தில் ஒருவர் இவ்வழி வந்தனர் எனின், இதனை அரிய விபத்தென்று தள்ளிவிடல் பொருந்தாது.

2. இரண்டு ஜோன்சன்கள்

வரலாறு எமக்கு ஓர் அரிய ஒப்பீட்டைத் தந்துள்ளது. ஜோன்சன் என்ற குடும்பப் பெயர் கொண்ட இருவர் நூறாண்டு இடைவெளியிலே துணை வேட்பாளராயினர். இருவரும் தென்னாட்டினர். இருவரும் தராசை ஒப்பவாக்கும் பொருட்டே தெரியப்பட்டனர். இருவரும் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டமையாற் சனாதிபதியாயினர்.

முதல்வர் அன்ட்ரூ ஜோன்சன். 1864 இல், உள்நாட்டுப் போர் முடியுமுன், ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறை போட்டியிட்டார். அதுவரை உப சனாதிபதியாயிருந்த ஹனிபல் ஹம்லின் விலக்கப்பட்டு, எதிர்க்கட்சியினரும் தெனெசி மாநிலத்தவருமான ஜோன்சன் அவ்விடத்துக்குத் தெரியப்பட்டார். நாட்டின் ஒற்றுமையைக் காட்டுதற்கு இதனினும் ஏற்றதொரு தெரிவில்லை எனப் பலர் கருதினர். பதவியேற்று ஆறு வாரங் கழிந்ததும் லிங்கன் கொலையுண்டார். புதிதாக விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையை உறுதிசெய்யும் சட்டம் 1866 இல் வந்தபோது, ஜோன்சன் அதனைத் தடுத்து மறுத்தார். மன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கினால் அம்மறுப்பைக் கடந்து சட்டத்தை நிறைவேற்றியது. 1868 இல் அவர்மீது குற்றப் பிரேரணை கொணரப்பட்டது. ஒரே ஒரு வாக்குக் குறைந்தமையால் அவர் பதவி தப்பியது.

மற்றையவர் லிண்டன் ஜோன்சன். 1960 இல், மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஜோன் கென்னடி, தமக்கு வாய்ப்புக் குறைந்த தென்னாட்டை நோக்கி, ரெக்சஸ் மாநிலத்தவரான இவரைத் தெரிந்தார். 1963 நவம்பர் 22 இல் கென்னடி கொலையுண்டார். தென்னாட்டினரான ஜோன்சனே 1964 இற் குடிசார் உரிமைச் சட்டத்தையும், 1965 இல் வாக்குரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றி ஒப்பமிட்டார்.

இருவரும் தெரியப்பட்ட காரணம் ஒன்று, விளைவோ நேர்மாறு. பிறந்த மாநிலமும் கட்சியும் வாக்குகளை முன்னறிவித்தன, ஆட்சியை முன்னறிவிக்கவில்லை. குடியுரிமைச் சட்டமொன்று ஒருவர் கையொப்பத்தால் தடைப்படுவதும் நிறைவேறுவதும் எத்தகையது என்பதை மலைநாட்டுத் தமிழருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் பிரதிநிதிகள் எழுவரைப் பாராளுமன்றுக்கு அனுப்பிய மக்கள், 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினாலும் அதனைத் தொடர்ந்த சட்டங்களினாலும் வாக்கிழந்தனர். எஞ்சியிருந்தோரின் குறையைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

3. ஆராய்ந்து தெளிதல்

திருக்குறளின் பொருட்பாலிலே தெரிந்துதெளிதல் என்றோர் அதிகாரம் உண்டு. ஒருவரை ஆராயாது நம்புவதும், நம்பியபின் அவர்மேல் ஐயங்கொள்வதும் ஓயாத துன்பந் தருவன என்பது அதன் முடிந்த கருத்து. அமெரிக்க நாட்டு அனுபவம் இதற்கு விரிவுரை போல்வது.

1972 இல் ஜோர்ஜ் மக்கவர்ன், கட்சி மாநாட்டின் அவசரத்தில், தொமஸ் ஈகிள்ரன் என்பாரைத் துணைவராகத் தெரிந்தார். மனத்தளர்ச்சிக்காக அவர் முன்னர் வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்றமை பின்பே வெளிப்பட்டது. முதலில் அவரை முற்றாக ஆதரித்த தலைவர் பின்னர்க் கைவிட, 18 நாட்களில் அவர் விலக நேர்ந்தது. நோயுற்றமை எவருக்கும் குற்றமன்று. கேட்டறிய வேண்டியதைக் கேளாமையே குற்றம்.

தெரிந்தபின் துணைவரை அயலார் போல வைத்தலும் தீதே. 1944 ஆம் ஆண்டுத் தேர்தலில் பிராங்கிளின் ரூஸ்வெல்ற் தெரிந்துகொண்ட ஹரி ட்ரூமன், உப சனாதிபதியாகி 82 ஆம் நாளில் உலகப் போரின் நடுவே சனாதிபதியானார். அணுகுண்டு பற்றிய முழு விபரம் அதன் பின்னரே அவருக்கு உரைக்கப்பட்டது.

அண்மைக் காலத்தில் இப்பதவி தமிழர் வீடுகளிலும் பேசுபொருளாயிற்று. 2020 இல் ஜோ பைடன் தம் துணை வேட்பாளராகக் கமலா ஹரிசைத் தெரிந்தார். அவர் தாயார் சியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்தினர்; தாய்வழிப் பாட்டனாரின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். 2021 நவம்பர் 19 இல், பைடன் மயக்க மருந்தின் வயப்பட்டிருந்த 85 நிமிட நேரம், சனாதிபதியின் அதிகாரம் அவர் கையில் இருந்தது. 2024 இற் பைடன் போட்டியிலிருந்து விலகவே, துணைவராயிருந்த அவரே தலைமை வேட்பாளரானார், தமக்கொரு துணைவராக ரிம் வோல்சைத் தெரிந்தார், தேர்தலில் தோல்வியுற்றார்.

4. இலங்கை நிலை

எமது நாட்டில் உப சனாதிபதிப் பதவி இல்லை. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, சனாதிபதி பதவி இடையில் வெற்றிடமாயின், பிரதம மந்திரி பதிற்கடமை புரிவார். ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தன் உறுப்பினருள் ஒருவரை எஞ்சிய காலத்துக்குத் தெரிவுசெய்யும். மாணவர் சிலர், வாக்குச் சீட்டில் இடும் இரண்டாம் விருப்பை இதனோடு சேர்த்து மயங்குவர். அது, முதலில் எண்ணும்போது ஒருவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குப் பெறாவிடத்து எண்ணப்படுவது. 2024 செப்டெம்பர்த் தேர்தலிலேயே முதன்முறை அதற்குத் தேவை நேர்ந்தது. துணைவரைத் தெரிவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆகவே, எமது நாட்டில் துணைவர் எனத்தக்கவர் பிரதம மந்திரியே. 1988 திசெம்பரில் வென்ற ரணசிங்க பிரேமதாசா, அப்பதவிக்கு லலித் அத்துலத்முதலியையோ காமினி திசாநாயக்காவையோ தெரிவார் எனப் பலர் எதிர்பார்த்தனர். இவருள் காமினி, 1970 இலும் 1977 இலும் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். ஆயின் 1989 மார்ச்சில் டி. பி. விஜேதுங்காவே பிரதம மந்திரியாக்கப்பட்டார். 1991 இல் எழுந்த குற்றப் பிரேரணையின் முன்னணியில் லலித்தும் காமினியும் நின்றனர். 1993 மே முதலாந் திகதி பிரேமதாசா கொலையுண்டதும், அமைதியானவர் எனத் தெரியப்பட்ட விஜேதுங்காவே நாட்டின் சனாதிபதியானார்.

2022 இல் இது மீண்டும் நிகழ்ந்தது. 2019 இல் 69 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குப் பெற்ற கோத்தாபய ராஜபக்ச பதவி துறந்தார். எஞ்சிய காலத்துக்குரிய சனாதிபதியாக ரணில் விக்கிரமசிங்க 134 பாராளுமன்ற வாக்குகளால் தெரிவானார். சட்டத்தில் இதற்கு இழுக்கில்லை. ஆனால் 2019 இல் வாக்குச் சாவடிக்குச் சென்ற எவரும் இதனை எண்ணிப் புள்ளடியிடவில்லை.

5. நோர்வூட் மேடை

ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி, நோர்வூட்டில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று மஸ்கெலியாவுக்கும் மற்றொன்று பொகவந்தலாவைக்கும் செல்கின்றது. 2017 மே 12 இல் எவ்வீதியிலும் மக்கள் வெள்ளம். இந்தியப் பிரதம மந்திரி நரேந்திர மோடி, டிக்கோயாவில் இந்திய உதவியாற் கட்டப்பட்ட வைத்தியசாலையைத் திறந்துவிட்டு, நோர்வூட் மைதானத்தில் உரையாற்றினார். தோட்ட மக்களுக்கு மேலும் 10,000 வீடுகள் கட்டித் தரப்படும் என்றார். அம்மேடையில் எமது சனாதிபதி மைத்திரிபால சிறிசேனாவும், பிரதம மந்திரி ரணில் விக்கிரமசிங்காவும் உடனிருந்தனர்.

அவ்விருவரே இந்நாட்டில் தலைவர், துணைவர் என மக்கள்முன் இணையாக நின்றோர். 2014 நவம்பரில் சிறிசேனா வேட்பாளராக வெளிப்பட்டபோதே, தாம் வென்றால் ரணில் பிரதம மந்திரியாவார் எனப் பகிரங்கமாகக் கூறினார். 2015 சனவரி 8 இல் நுவரெலியா மாவட்டம் சிறிசேனாவுக்கே பெரும்பான்மை அளித்தது. மறுநாள் இருவரும் பதவியேற்றனர்.

நோர்வூட் மேடைக்குப் பதினேழு மாதங் கழித்து, 2018 ஒக்டோபர் 26 இல், சிறிசேனா ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதம மந்திரியாக்கினார். பின்னர்ப் பாராளுமன்றையும் கலைத்தார். அக்கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் திசெம்பர் 13 இல் தீர்த்தது. திசெம்பர் 16 இல் ரணில் மீண்டும் பதவியேற்றார். ஏழு வாரத்துக்கு மேலாக நாட்டில் அரசு எதுவென்பதே வழக்காயிற்று.

அதே பருவத்தில் மலைநாட்டில் நிகழ்ந்தது என்ன? தோட்டத் தொழிலாளரின் கூட்டு ஒப்பந்தம் காலாவதியாகி, நாளொன்றுக்கு 1,000 ரூபா அடிப்படைச் சம்பளம் வேண்டுமென்ற கோரிக்கை எழுந்திருந்தது. எம்மவர் பிரதிநிதிகளும் கொழும்புப் பிணக்கில் இரு கூறாயினர். 2019 சனவரியிற் செய்யப்பட்ட ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவிலிருந்து 700 ரூபாவாயிற்று. பிணக்கில்லாதிருப்பின் 1,000 ரூபா கிடைத்திருக்கும் என்று நாம் கூறவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில், கேட்பதற்குரிய அரசே ஐயத்துக்கிடமாயிற்று என்பதையே கூறுகின்றோம்.

இவ்விணைப்பில் வாக்குறுதி இருந்தது; தராசுச் சமநிலையும் இருந்தது. ஒருவர் பொலன்னறுவை விவசாயக் குடும்பத்தவர், மற்றவர் கொழும்பு நகரத்தவர், கட்சிகளும் வெவ்வேறு. இல்லாதிருந்தது, வென்றபின் எதனை எவ்வாறு செய்வது என்ற ஒருமித்த கருத்தே.

6. முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து வாக்காளர் கேட்டற்குரிய வினாக்கள் நான்கு எழுகின்றன. துணைவராகக் காட்டப்படுபவர் நாளையே தலைவராயின் அப்பதவியைத் தாங்குவாரா? தலைவரும் அவரும் எவ்வெக் கருமங்களில் ஒத்த கருத்தினர்? வலியற்றவரின் உரிமை பற்றிய சட்டம் முன்வந்தபோது அவர் முன்னர் எப்பக்கம் நின்றார்? அவரைப் பற்றி அறிய வேண்டுவன யாவும் தேர்தலுக்கு முன்னே வெளிப்படுத்தப்பட்டனவா? எமது சட்டம் துணைவருக்குத் தனிப் பெயரும் இடமும் தராமையால், இவ்வினாக்களை மேடைதோறும் நாமே கேட்டல் வேண்டும்.

ஒரு வீட்டிலிருந்து மூவர் கொழுந்து பறிக்கச் சென்று, ஒருவர் சம்பளத்தால் அரிசியும் மற்றவர் சம்பளத்தால் பிள்ளைகளின் புத்தகமும் வாங்கும் குடும்பங்கள் எம்மைச் சூழ உள்ளன. அரசு ஒரு மாதம் தடுமாறினால் முதலில் வருந்துவோர் அவரே. அவர் பாட்டனார் இழந்த வாக்கு நெடுங்காலங் கழித்தே மீண்டது. அவ்வாக்கை இடுமுன், முதற் பெயரை நோக்கிய கண்ணால் அடுத்த பெயரையும் நோக்குமாறு, கல்வி பெற்ற பழைய மாணவர் தத்தம் ஊரிலே எடுத்துரைப்பாராக. இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவர், அடுத்த தேர்தலில் வாக்களிக்கச் செல்லும்போது இதனை நினைவிற் கொள்வாராக.